அமெரிக்க காலேஜ்ல பெண்கள் சாக்கர் கோச் ஆகணும்னா எங்க ஆரம்பிக்கணும், எப்படி மேல போகணும்

காலேஜ் டீம்ல நாலு வருஷம் ஆடி முடிச்சாச்சு, ப்ரோ லீக் போற அளவுக்கு இல்ல, ஆனா ஆட்டத்தை விட்டுட்டு வேற வேலையில போய் உக்காரவும் மனசு வரல, அப்போ கோச்சிங் பக்கம் போலாமான்னு யோசிக்கிற பொண்ணுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். பசங்களும் படிக்கலாம், உங்களுக்குன்னு தனியா சொல்ல வேண்டிய விஷயம் ஒன்னு இருக்கு, அது கீழ வரும்.

முக்கியமானதை முதல்லயே சொல்லிடறேன். நிறைய பேர் சறுக்குறது ஒரே எடத்துலதான். டிவிஷன் 1 (காலேஜ் ஸ்போர்ட்ஸோட மேல் மட்டம்)-ன்னு எழுதுன ஜாக்கெட் போடணும்னு ஆசைப்பட்டு பெரிய யூனிவர்சிட்டில கோன் எடுத்து வைக்கிற வேலைக்குப் போயிடறாங்க, மூணு வருஷம் போனதும் ஒரு செஷனை தனியா நடத்துன்னு சொன்னா திணறுறாங்க, ஏன்னா அங்க யாரும் அவங்க கையில டீமைக் குடுத்ததே இல்ல. ஆரம்ப வருஷங்கள்ல டிவிஷன் பேரைப் பாக்காதீங்க, எந்த ஹெட் கோச்கிட்ட வேலை பாக்கப் போறீங்க, அவங்க உங்களை நம்பி என்ன ஒப்படைப்பாங்கன்னு மட்டும் பாருங்க. இந்த கைடு முழுக்க நான் சொல்லப் போறது அதைச் சுத்திதான் இருக்கும்.

வேலை எங்கெல்லாம் இருக்கு

1972-ல டைட்டில் நைன் சட்டம் வந்ததும் காலேஜ்கள் பொண்ணுங்களுக்கும் ஸ்போர்ட்ஸ்ல சம வாய்ப்பு குடுத்தே ஆகணும்னு ஆச்சு. அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல ஆம்பளைப் பசங்க நூறு பேர் வரைக்கும் இருப்பாங்க, அதுக்கு ஈடா பொண்ணுங்க எண்ணிக்கையைக் கொண்டு வரணும்னா ஒரே டீம்ல இருபத்தஞ்சு முப்பது பேரை எடுக்கக்கூடிய ஆட்டம் வேணும், சாக்கர் அதுக்கு சரியாப் பொருந்துச்சு. காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்துற பெரிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வோட பெண்கள் சாக்கர் சாம்பியன்ஷிப் 1982-ல முதல்தடவை நடந்தப்ப 12 டீம்தான், இப்ப டிவிஷன் 1 டோர்னமென்ட்டுக்கு மட்டும் 64 டீம் வருது. டிவிஷன் 1-ல 300-க்கும் மேல பெண்கள் டீம் இருக்கு, டிவிஷன் 3-ல அதை விடவும் அதிகம். இது போக டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. (சின்ன காலேஜ்களோட தனி அமைப்பு), ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜுங்க. ஆக மொத்தம் வேலை ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா டிவில நாம பாக்குறது அதுல ஒரு இருபது முப்பது யூனிவர்சிட்டி மட்டும்தான்.

டிவிஷன் 3-ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏத்த உதவித்தொகைதான், அதனால அங்க கோச் ஒரு பொண்ணைக் கூப்பிடணும்னா காலேஜோட படிப்பையும் தன்னோட பேச்சையும் வச்சுத்தான் கூப்பிடணும். டிவிஷன் 2-ல ஒரு டீமுக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குப் பணம், அதைப் பிரிச்சுப் பிரிச்சு குடுப்பாங்க. டிவிஷன் 1-ல ரொம்ப காலமா 14 இருந்துச்சு, 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு (காலேஜ் பிளேயர்களுக்குப் பணம் குடுக்குறது பத்தி என்.சி.ஏ.ஏ. மேல போட்ட வழக்கு) செட்டில்மென்ட்டை கோர்ட் ஏத்துக்கிட்டதும், அதுல சேர்ந்த யூனிவர்சிட்டிங்களுக்கு அந்த எண்ணிக்கை போயி, ரோஸ்டர்ல (டீம் லிஸ்ட்ல) 28 பேருக்கு மேல கூடாதுன்னு வந்துடுச்சு. முன்னாடி 32, 34 பேர் வச்சிருந்த டீமெல்லாம் உண்டு. இப்ப அந்த 28-க்குள்ள வராத பொண்ணுக்கு நேர்ல உக்காந்து சொல்ல வேண்டியது கோச்தான்.

தகுதின்னு என்னெல்லாம் வேணும்

டிகிரி கண்டிப்பா வேணும். வேலை விளம்பரம் எதைப் பாத்தாலும் பேச்சிலர்ஸ் கட்டாயம், மாஸ்டர்ஸ் இருந்தா நல்லதுன்னு போட்டிருக்கும். கோச்சிங் லைசென்ஸ் பல காலேஜ்ல கட்டாயம் இல்ல, ஆனா எடுத்து வச்சுக்கோங்க. யு.எஸ். சாக்கர்ல (நாட்டோட சாக்கர் சங்கம்) கிராஸ்ரூட்ஸ்ங்கிற ஆரம்ப கோர்ஸ் முடிச்சு டி லைசென்ஸ், அப்புறம் சி, பி, ஏ, கடைசியில ப்ரோ. படிக்கும்போதே கிராஸ்ரூட்ஸ் முடிச்சு, லோக்கல் கிளப்ல ஒரு 11 வயசு டீமோ 13 வயசு டீமோ எடுத்து நடத்திக்கிட்டே டி பண்ணிடுங்க. டீம் கையில இல்லாம லைசென்ஸ் பின்னாடி ஓடுறதுல பிரயோஜனம் இல்ல, சி-யில இருந்து மேல போனா உங்க சொந்த டீமை வச்சு செய்ற வேலைதான் அசைன்மென்ட்டே. யுனைடெட் சாக்கர் கோச்சஸ் அமைப்போட டிப்ளமோ கோர்ஸும் உண்டு, அதுல படிப்பு ஒரு பக்கம்னா கூட உக்காந்து படிக்கிற ஆளுங்க அறிமுகம் இன்னொரு பக்கம், வேலை வாங்க அதுவும் உதவும்.

பெரிய பிளேயரா இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல. பெஞ்ச்ல உக்காந்து ஆட்டத்தை கவனிச்சவங்க நல்ல கோச்சா வந்ததை நிறைய பாத்திருக்கேன், ஏன்னா ரோஸ்டர்ல பாதிப் பேர் பெஞ்ச்லதான் இருக்காங்க, அவங்க மனசு இவங்களுக்குத் தெரியும்.

முதல் படி கிராஜுவேட் அசிஸ்டன்ட்

சும்மா ஜி.ஏ.ன்னு சொல்லுவாங்க. மாஸ்டர்ஸ் ஃபீஸை முழுசாவோ பாதியோ காலேஜ் பாத்துக்கும், கையில ஒரு சின்ன ஸ்டைபெண்ட் வரும், பதிலுக்கு நீங்க டீமுக்கு வேலை பாக்கணும். டிவிஷன் 2, டிவிஷன் 3, என்.ஏ.ஐ.ஏ. காலேஜ்கள்ல இது அதிகம். ஊர்ல இருந்து மாஸ்டர்ஸ் படிக்க வர்றவங்களுக்கும் இது ஒரு வழிதான், ஆனா எஃப்-1 மாணவர் விசாவுல படிப்பு நடக்குற நேரத்துல கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே யூனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய் எழுத்துல வாங்கிடுங்க, கோச் வாயால சொன்னது பத்தாது.

ஜி.ஏ. வேலைன்னா என்னன்னு தெரிஞ்சுட்டுப் போங்க. காலையில ஆறு மணிக்கு ஃபீல்டுல கோல் போஸ்ட்டை நகர்த்தி வைக்கணும், பிப் (பயிற்சில டீம் பிரிக்கப் போடுற மேல்சட்டை) எல்லாம் துவைச்சு எண்ணி வைக்கணும், வெளியூர் மேட்ச்னா வேன் ஓட்டணும், மேட்ச் முடிஞ்ச ராத்திரியே வீடியோவை ஹட்ல்ங்கிற வீடியோ ஆப்ல ஏத்தி நம்ம கார்னர் கிக் எல்லாம் ஒரு லிஸ்ட், எதிர் டீமோட கார்னர் எல்லாம் ஒரு லிஸ்ட்னு வெட்டி வைக்கணும். இதெல்லாம் செஞ்சுக்கிட்டே ஹெட் கோச்கிட்ட ஒரு விஷயத்தை முழுசா கேட்டு வாங்குங்க. கார்னர், ஃப்ரீ கிக்கை (இதைத்தான் செட் பீஸ்னு சொல்லுவாங்க) நான் பாத்துக்கறேன்னு கேளுங்க, இல்ல கோல்கீப்பர்களை குடுங்கன்னு கேளுங்க. கோல்கீப்பர் கோச்சிங் தெரிஞ்சவங்களுக்கு எப்பவும் தட்டுப்பாடு, அந்த ஒன்னை வச்சே மேல போனவங்க இருக்காங்க. அடுத்த இன்டர்வியூல "அசிஸ்ட் பண்ணேன்"ன்னு சொல்றதுக்கும், "செட் பீஸ் ரெண்டு சீசன் என் பொறுப்பு, இதோ வீடியோ"ன்னு சொல்றதுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

எப்போ அப்ளை பண்றதுன்னு ஒரு காலக்கணக்கு இருக்கு, இது தெரியாம ஜூன்ல மெயில் அனுப்பிட்டு பதிலே வரலன்னு சோர்ந்து போறாங்க. சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு நவம்பர் தொடக்கத்துல லீக் முடியும், நவம்பர்ல டோர்னமென்ட், டிசம்பர் முதல் வாரத்துல காலேஜ் கப் (அந்த டோர்னமென்ட்டோட செமிஃபைனல், ஃபைனல்). தோத்த டீம்ல ஹெட் கோச்சை மாத்துறது நவம்பர் டிசம்பர்ல, புது ஹெட் கோச் வர்றது டிசம்பர் ஜனவரில, அவங்க அசிஸ்டன்ட் தேடுறது ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். யுனைடெட் சாக்கர் கோச்சஸ் கன்வென்ஷனும் ஜனவரிலதான், பேப்பர்ல விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே அங்க காரிடார்ல நின்னு பேசியே பாதி வேலை முடிஞ்சிடும். செலவாகும், ஆனா ஒருதடவையாவது போயிட்டு வாங்க. விளம்பரமா பாக்கணும்னா என்.சி.ஏ.ஏ. மார்க்கெட், ஹையர்எட்ஜாப்ஸ் ரெண்டையும் தினம் பாருங்க.

மெயில் எழுதும்போது "எனக்கு சாக்கர்னா உயிர்"ன்னு ஆரம்பிக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. அந்த டீமோட ரெண்டு மேட்ச் பாருங்க, பெரும்பாலான காலேஜ் ஸ்ட்ரீம் பண்ணுது. "போன மாசம் அந்த மேட்ச்ல உங்க ரைட் பேக் மேல போனப்ப பின்னாடி இருந்த காலி எடத்துல ரெண்டுதடவை அடி வாங்குனீங்க, அதுக்கு நான் நாலுக்கு நாலு, நடுவுல ரெண்டு பக்கமும் ஆடுற மூணு நியூட்ரல் வச்சு ஒரு பயிற்சி பண்ணுவேன்"ன்னு நாலு வரி, கூட நீங்க நடத்துன செஷன் வீடியோ ஒன்னு அஞ்சு நிமிஷத்துக்குள்ள, உங்க குரல் தெளிவா கேக்குற மாதிரி. பயிற்சியை எப்போ நிறுத்துறீங்க, நிறுத்தி எத்தனை வார்த்தை பேசுறீங்க, பேசி முடிச்சதும் ஆட்டம் மாறுதான்னு அந்த அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அசிஸ்டன்ட் ஆனதும் பாதி வேலை ரெக்ரூட்டிங்

இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. கோச்சிங்னு நினைச்சு வந்தா வாரத்துல பாதி நாள் ஃபோன், மெயில், ஏர்போர்ட்டுன்னு போகும். சீசன் நேரத்துல டீமோட பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி, மத்த நேரத்துல 8 மணி நேரம், ரெக்ரூட்டிங்கோ வருஷம் முழுக்க ஓடும்.

டிவிஷன் 1-ல பத்தாங்கிளாஸ் முடிஞ்ச ஜூன் 15-ல இருந்துதான் பிளேயர்கிட்ட கோச் நேரடியா பேசலாம். 2019-ல இந்த விதி வர்றதுக்கு முன்னாடி எட்டாங்கிளாஸ் ஒன்பதாங்கிளாஸ் பொண்ணுங்களே வாய் வார்த்தையா கமிட் பண்ணிட்டிருந்தாங்க, 13 வயசுல ஒரு குழந்தை காலேஜை முடிவு பண்ணுச்சு, இந்த விதி வந்தது ரொம்ப நல்லது. இப்ப ஜூன் 14 ராத்திரி 12 மணி ஆனதும் நாடு முழுக்க மெசேஜ் பறக்கும். அன்னிக்கு யாருக்கு முதல்ல ஃபோன் போடணும்னு அசிஸ்டன்ட் ஒரு வருஷமா லிஸ்ட் போட்டு வச்சிருக்கணும்.

அந்த லிஸ்ட் ஈ.சி.என்.எல்., கேர்ள்ஸ் அகாடமிங்கிற யூத் லீக்குங்க காலேஜ் கோச்கள் வந்து பாக்குறதுக்குன்னு நடத்துற ஷோகேஸ்கள்ல தயாராகுது. ஒரே காம்ப்ளெக்ஸ்ல இருபது ஃபீல்டு, சைட்லைன்ல மடக்கு நாற்காலி போட்டு லோகோ போட்ட ஜாக்கெட்டோட கோச்கள் வரிசையா உக்காந்திருப்பாங்க. புதுசா வர்றவங்க பால் கூடவே கண்ணைக் கொண்டு போவாங்க. நீங்க பாக்க வந்த 14-ம் நம்பர் பொண்ணை மட்டும் இருபது நிமிஷம் பாருங்க, பால் அவகிட்ட இல்லாதப்பவும். பாஸ் வர்றதுக்கு முன்னாடி தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பாக்குறாளா, எத்தனைதடவை? பாலை விட்டதும் அடுத்த அஞ்சு செகண்ட் என்ன பண்றா, ஓடுறாளா, கையை விரிச்சு ரெஃபரியைப் பாக்குறாளா? சப்ஸ்டிடியூட் பண்ணி வெளிய வந்ததும் பக்கத்துல உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட பேசுறாளா? மேட்ச் முடிஞ்சு அவ பையை அவளே தூக்கிட்டுப் போறாளா, அப்பா தூக்கிட்டுப் போறாரா? இதையெல்லாம் குறிச்சு வைங்க. வேகமும் டெக்னிக்கும் எல்லா கோச் நோட்டுலயும் இருக்கும், நாலு வருஷம் கூட வாழப் போறது அந்தப் பொண்ணு கூட.

காலேஜ் மாற நினைக்கிற பிளேயர்கள் பேர் குடுக்குற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்ததுல இருந்து வேலை இரட்டிப்பாயிடுச்சு. டிசம்பர்ல உங்க சொந்த பிளேயரே போர்ட்டலுக்குள்ள போகலாம், வேற காலேஜ்ல ரெண்டு வருஷம் ஆடுன 20 வயசு பொண்ணு உங்ககிட்ட வரலாம். அதனால ஹைஸ்கூல் பொண்ணு வேண்டாம்னு சொன்னாலும் மரியாதையா பேசி முடிங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவளே ஃபோன் பண்ணுவா.

பொண்ணுங்க டீமுக்கு தனியா தெரிஞ்சிருக்க வேண்டியது

முட்டி. ஏ.சி.எல். (முட்டி எலும்புகளைப் பிடிச்சு வைக்கிற நார்) கிழியுறது பசங்களை விட பொண்ணுங்களுக்கு பல மடங்கு அதிகம், கிழிஞ்சா ஆபரேஷன், ஒன்பது மாசம் ஒரு வருஷம் போயிடும். ஃபிஃபா 11 ப்ளஸ்னு ஒரு வார்ம் அப் இருக்கு, இருபது நிமிஷம், குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாம இறங்கப் பழக்கும், பேலன்ஸும் தொடையோட பின்தசைக்கான பயிற்சியும் உண்டு, ஒழுங்கா செஞ்சா காயம் குறையும்னு ஆய்வுகள்ல தெளிவாவே தெரிஞ்சிருக்கு. இருந்தும் நேரம் இல்லன்னு பாதியிலயே விட்டுடறாங்க. உங்க கையில ஒரே ஒரு அதிகாரம் குடுத்தாங்கன்னா அதை வச்சு இந்த இருபது நிமிஷத்தைக் காப்பாத்துங்க. சரியா சாப்பிடாம ஓடி பீரியட்ஸ் நின்னு போற பொண்ணுங்களும் இருப்பாங்க, அது எலும்பு முறியுற வரைக்கும் போகும், இதை வெக்கப்படாம டீமோட காயத்தைப் பாத்துக்கிற ட்ரெய்னர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் கொண்டு போற தைரியம் கோச்சுக்கு வேணும். அதுவும் போக வியாழன் ஞாயிறுன்னு வாரம் ரெண்டு மேட்ச் வரும், சனிக்கிழமை பயிற்சியில யாரை ஓடவிடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம் பசங்களுக்கு சொல்றேன்னு சொன்னது. 2022 அக்டோபர்ல சாலி யேட்ஸ்ங்கிற வக்கீல் விசாரிச்சு எழுதுன அறிக்கை வந்துச்சு, பெண்கள் ப்ரோ லீக்ல கோச்கள் பிளேயர்களை வார்த்தையாலயும் பாலியல் ரீதியாவும் துன்புறுத்துனதைப் பத்தி, அந்தப் பழக்கத்தோட வேர் சின்னப் பிள்ளைங்க ஆடுற லெவல்லயே இருக்குன்னு அதுல எழுதியிருந்தாங்க. தனியா ரூம்ல மீட்டிங் வைக்காதீங்க, கதவு திறந்திருக்கட்டும், மெசேஜ்னா குரூப்ல போடுங்க, உடம்பு எடையைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. துன்புறுத்தலைத் தடுக்குறதுக்கான சேஃப்ஸ்போர்ட் ட்ரெய்னிங்கை கடமைக்கு கிளிக் பண்ணிட்டுப் போகாம முழுசா படிங்க. பெண் கோச்களுக்கும் இது எல்லாமே பொருந்தும்.

டைட்டில் நைன் வந்தப்ப பெண்கள் டீம்ல பத்துக்கு ஒன்பது கோச் பெண்கள்தான். சம்பளம் ஏற ஏற ஆம்பளைங்க வந்தாங்க, இப்ப எல்லா ஆட்டமும் சேர்த்து பாதிக்கும் கீழ, சாக்கர்ல இன்னும் கம்மி. எனக்கு இது மனசுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம், அதனாலதான் ஆடி முடிச்ச பொண்ணுங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடறேன். வீகோச்னு பெண் கோச்களுக்காகவே ஒரு அமைப்பு இருக்கு, அவங்க நடத்துற அகாடமில சேருங்க.

மேல போனவங்க எப்படிப் போனாங்க

பெக்கி பர்லி காலேஜ் முடிச்ச கையோட ஜார்ஜியாவுல பெர்ரி காலேஜ்னு ஒரு சின்ன எடத்துல ஹெட் கோச் ஆனாங்க. அங்க 1990, 1993 ரெண்டு என்.ஏ.ஐ.ஏ. பட்டம். அதுக்கு அப்புறம்தான் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி புதுசா டீம் ஆரம்பிக்க அவங்களைக் கூப்பிட்டுச்சு, 1995-ல முதல் சீசன், 1998-ல ஃபைனல்ல நார்த் கரோலினாவை ஜெயிச்சு தேசிய சாம்பியன். இத்தனைக்கும் அந்த நார்த் கரோலினா டீம் ஆன்சன் டோரன்ஸோடது, 1979-ல இருந்து 2024 வரைக்கும் அந்த ஒரே டீமோட இருந்து 22 தேசிய பட்டம் வாங்குனவர். பயிற்சில ஒவ்வொரு பிளேயரோட ஒவ்வொரு மோதலையும் மார்க் போட்டு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒட்டி வைப்பார், அந்த முறையை பக்கத்துலயே இருந்த பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித்கிட்ட பாத்துக் கத்துக்கிட்டவர்.

மார்கரீட் அவோசாசா ஸ்டான்ஃபோர்டுல ஏழு சீசன் அசிஸ்டன்ட். அவசரப்படல. யு.சி.எல்.ஏ. யூனிவர்சிட்டிக்கு ஹெட் கோச்சா வந்து 2022-ல முதல் சீசன்லயே, தேசிய ஃபைனல்ல 2-0 பின்தங்கி இருந்து கடைசி நிமிஷத்துல சமன் பண்ணி எக்ஸ்ட்ரா டைம்ல 3-2 ஜெயிச்சாங்க. அதே வருஷம் ஜூலியான் சிட்ச் சிகாகோ யூனிவர்சிட்டி ஆண்கள் டீமை டிவிஷன் 3 சாம்பியன் ஆக்குனாங்க, ஆண்கள் சாக்கர்ல என்.சி.ஏ.ஏ. பட்டம் ஜெயிச்ச முதல் பெண் கோச். எம்மா ஹேய்ஸ் இங்கிலாந்துல இருந்து வந்து நியூயார்க் பக்கத்துல ஐயோனா காலேஜ் பெண்கள் டீமுக்கு கோச்சா இருந்தவங்க, அப்புறம் இங்கிலாந்து கிளப் செல்சி, 2024-ல அமெரிக்க தேசிய டீமோட ஒலிம்பிக் தங்கம். இவங்க பயோடேட்டால முதல் ரெண்டு வரியைப் பாருங்க, பெரும்பாலும் யாரும் கவனிக்காத எடங்கள்.

பணம்

ஆரம்பத்துல கஷ்டம்தான். டிவிஷன் 3-ல அசிஸ்டன்ட் பலருக்கு பார்ட் டைம், சாயங்காலம் கிளப் டீம் எடுத்து, கோடையில ஐ.டி. கேம்ப்ல (நல்ல பிளேயர்களைக் கண்டுபிடிக்க காலேஜ் நடத்துற கேம்ப்) வேலை பாத்துதான் சமாளிப்பாங்க. எல்லா ஆட்டத்து கோச்சும் சேர்த்து நாட்டோட நடு சம்பளமே வருஷம் 45,000 டாலர் சுத்திதான். பெரிய கான்ஃபரன்ஸ் (காலேஜ்கள் சேர்ந்து ஆடுற லீக்) ஹெட் கோச் அதை விட பல மடங்கு வாங்குவாங்க. அரசு யூனிவர்சிட்டினா சம்பளம் பெரும்பாலும் பொதுவுல கிடைக்கும், பேசப் போறதுக்கு முன்னாடி தேடிப் பாத்துட்டுப் போங்க.

ஹெட் கோச் வேலை வந்தா கேக்க வேண்டியது

காலேஜோட ஸ்போர்ட்ஸ் தலைவரான அத்லெடிக் டைரக்டர் இன்டர்வியூல உங்களைக் கேக்குற மாதிரி நீங்களும் கேக்கணும். ஸ்காலர்ஷிப்புக்கு எத்தனை பேருக்கு பணம் இருக்கு, ஹவுஸ் செட்டில்மென்ட்டுல சேர்ந்திருக்கீங்களா? முழுநேர அசிஸ்டன்ட் எத்தனை பேர், அவங்களுக்கு என்ன சம்பளம், நானே தேர்ந்தெடுக்கலாமா? ரெக்ரூட்டிங் பட்ஜெட் தனியா இருக்கா? பயிற்சிக்கு ட்ரெய்னர் தினமும் வருவாங்களா, இல்ல நாலு டீமுக்கு ஒருத்தரா? ஃபீல்டு யார் கூட பங்கு, ஆண்கள் டீமுக்கு குடுக்குற நேரமே பொண்ணுங்களுக்கும் உண்டா? கான்ட்ராக்ட் எத்தனை வருஷம், நடுவுல டைரக்டர் மாறினா என்ன ஆகும்? முடிஞ்சா இப்ப டீம்ல இருக்கிற மூணு பிளேயர்கிட்ட தனியா பேச நேரம் வாங்குங்க, போன கோச் ஏன் போனாங்கன்னு கேளுங்க. டைரக்டர் சொன்னதும் பொண்ணுங்க சொல்றதும் ஒத்துப் போகலன்னா கையெழுத்துப் போட ஒரு வாரம் டைம் கேட்டுட்டு வாங்க, அந்த வாரத்துல போன கோச்சுக்கே ஒரு ஃபோன் போட்டுப் பேசிடுங்க.